தேயிலைக் கிளிப்பர்களைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீனத் தேயிலையை லண்டனுக்கு ஏற்றிச் சென்ற 19-ஆம் நூற்றாண்டின் விரைவுப் பாய்மரக் கப்பல்களே தேயிலைக் கிளிப்பர்கள். அவற்றைப் பற்றி எழுத முனைவோர் பலர், யார் முதலில் லண்டன் சேர்வது என்ற பந்தயத்தோடு நின்றுவிடுகிறார்கள். பந்தயத்தைச் சாத்தியமாக்கிய உழைப்பு எழுத்தில் வருவதே இல்லை. என் பார்வையில் இதுவே முதன்மையான தவறு, மற்றவை பலவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பயணத்தின் வேகம் கடலில் அல்ல, சீனத் துறைமுகத்திலேயே நிர்ணயமானது. சரக்கறையின் அடியில் இரும்பையும் அதன்மேல் கூழாங்கற்களையும் பரப்பிச் சமன்செய்த பிறகு, மட்டமான தேயிலைப் பெட்டிகளைக் கீழடுக்கிலும் உயர்ந்தவற்றை மேலும் அடுக்கினார்கள். சீனத் தொழிலாளர்கள் கொட்டாப்புளியால் தட்டித் தட்டி, வளைந்த பக்கச் சுவர்களை ஒட்டி ஒரு விரற்கடை இடைவெளியும் விடாமல் பெட்டிகளை இறுக்கினார்கள். அடுக்கு தளர்ந்தால் சரக்கு நகரும். முன்புறமோ பின்புறமோ பாரம் கூடினால் கப்பலின் ஓட்டம் கெடும்.

வேகத்தை மிகைப்படுத்துவது அடுத்த தவறு. 1866 மே 30 அன்று சீனத் துறைமுகமான ஃபூச்சோவை விட்டு டேப்பிங், ஏரியல், செரிகா ஆகிய மூன்று கிளிப்பர்களும் கடலேறி, 99 நாட்களில், செப்டம்பர் 6 அன்று, ஒரே ஓதத்தில் (கடல்நீர் ஏறும் ஒரே வேளையில்) லண்டனை அடைந்தன. 14,000 மைல்களுக்கு மேற்பட்ட அப்பயணத்தின் சராசரி மணிக்கு ஆறு மைல் அளவே. ஆங்கிலக் கால்வாயை முதலில் கடந்தது ஏரியல்தான் என்றாலும், தேம்ஸ் நதியில் இழுவைப் படகும் நீர்மட்டமும் டேப்பிங்குக்குக் கைகொடுக்க, அது 28 நிமிடம் முந்தித் துறைக்குள் நுழைந்தது.

மாலுமிகளின் நாளை உறக்கமற்ற சாகசமாக வருணிப்பதும் பொருந்தாது. ஆட்கள் இரு அணிகளாகப் பிரிந்து நான்கு மணி நேர முறையில் மாறி மாறி உழைத்தார்கள். மாலை நான்கு முதல் எட்டு வரையிலான முறையை மட்டும் இரண்டாகப் பிரித்ததால், ஒரே அணி நாள்தோறும் நள்ளிரவு வேலையில் சிக்கவில்லை. ஏறத்தாழ முப்பது பேர்தான் கட்டி சார்க் என்ற கிளிப்பரின் 32,000 சதுர அடிப் பாய்களைக் கையாண்டார்கள். 1872-இல் போட்டிக் கிளிப்பரான தெர்மோபிலேயை விட ஏறத்தாழ 400 மைல் முன்னால் சென்றபோது கட்டி சார்க்கின் சுக்கான் புயலில் பறிபோனது. தச்சர் ஹென்றி ஹெண்டர்சனும் மற்றவர்களும் கொந்தளிப்புக்கு நடுவே மேல்தளத்தில் உலை மூட்டி, மாற்று மரங்களைக் கொண்டு புதுச் சுக்கானைச் செய்து பொருத்தினார்கள். கட்டி சார்க் தெர்மோபிலேக்கு ஒரு வாரம் பிந்தி லண்டன் சேர்ந்தது. ஆயினும் அந்த வேலையை, வென்ற கப்பலின் ஓட்டத்தைவிட உயர்வாகவே நான் மதிக்கிறேன்.

தமிழ் வாசகர் எளிதில் வழுக்கும் இடம் இன்னொன்று உண்டு. இக்கப்பல்கள் போட்டியிட்டுச் சுமந்தது சீனத் தேயிலையை. இலங்கைத் தோட்டத் தமிழர் பறித்த இலையை அல்ல. தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867-இல்தான் தேயிலை பயிரிடத் தொடங்கினார். அத்தொழில் பெருகுவதற்குள் சூயஸ் கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் தேயிலைச் சரக்கைக் கைப்பற்றிவிட்டன.

அதற்காக, 1869 நவம்பர் 17 அன்று கால்வாய் திறந்ததும் கிளிப்பர்கள் மறைந்தன என்றும் எழுதிவிடக் கூடாது. கட்டி சார்க் நீரில் இறங்கியதே அதற்கு ஐந்து நாள் கழித்துத்தான். 1877 வரை அது தேயிலை ஏற்றியது. பின்னர் ஆஸ்திரேலியக் கம்பளி வணிகத்தில் கேப்டன் ரிச்சர்ட் உட்ஜெட்டின் கீழ்தான் அதன் மிகச் சிறந்த ஓட்டங்கள் அமைந்தன.