கேபிளுக்குக் காசு கொட்டும் முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கோயில் திருவிழாக்களில் வாசிக்கும் தம்பிகள் கேட்பது இதுதான்: "அண்ணே, கீபோர்டு, கிட்டார் செருக 300 வெள்ளிக்குக் கேபிள் வாங்கினா சவுண்டு நல்லா வருமா?"

கீபோர்டுக்கு வராது. பேட்டரி இல்லாத கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பாகம்) வேறு விஷயம். அதில் கேபிள் நீள நீள டிரெபிள், அதாவது கூர்மையான ஒலி, மங்கும். அதற்கும் மருந்து விலை இல்லை, நீளத்தைக் குறைப்பதுதான்.

வாங்கும்போது கேபிள் முனையில் உள்ள ஜாக்கின் மூடியைத் திருகிக் கழற்றுங்கள். சுற்றிவர இருக்கும் கம்பிவலை முழுதும் ஈயத்தில் ஒட்டியிருக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிளிப் வெளி ரப்பரை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால், இழுபடும்போது ஒட்டு விட்டுவிடும், மேடையில் கரகரக்கும்.

அப்புறம், விலை கூடிய கேபிளையும் மலிவானதையும் நண்பரை மாற்றி மாற்றிச் செருகச் சொல்லி, பார்க்காமல் கேளுங்கள். வால்யூம் ஒன்றாக இருக்கட்டும். சற்றுக் கூடினாலே காது ஏமாறும். வித்தியாசம் தெரியவில்லையா? சரி, அந்தக் காசுக்கு கிட்டாருக்குப் புதுக் கம்பிகள் வாங்குங்கள்.