சுவர்மேல் ஓடும் கேபிளுக்கு எங்கே உறை போடுவது?

சுவரின் வெளியே கிளிப் அடித்து ஓடும் மின் கேபிள் முழுவதற்கும் பிவிசி உறை வாங்க வேண்டியதில்லை. கைக்கும் தளவாடத்துக்கும் எட்டும் கீழ்ப்பகுதிக்கும், சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்துக்கும் மட்டும் போட்டால் பெரும்பாலும் போதும். இருக்கும் கேபிளை வெட்டாமல் மூட, மூடி கழற்றி மாட்டக்கூடிய சதுரக் கேசிங் வசதியானது. மெயின் சுவிட்சை அணைத்து, கிளிப்பைக் கழற்றி, அடிப்பகுதியைச் சுவரில் திருகி, கேபிளை உள்ளே வைத்து மூடிவிடலாம்.

கம்பியின் காப்புக்கு மேல் இன்னொரு தோலும் உள்ள இரட்டை உறைக் கேபிளின் வெளித்தோல் சாதாரண உரசலைத் தாங்கும் என்பதால், கூரையை ஒட்டி உயரத்தில் செல்லும் பகுதி தானே பாதுகாப்பாக இருக்கிறது. கட்டில் இடிப்பதையும், அடுப்படியில் எலி கடிப்பதையும் அது தாங்காது. செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலிக்குப் பஞ்சமே இல்லை. எலித்தொல்லை மிகுந்த இடத்தில் பிவிசி உறையையும் எலி கடித்துவிடும் என்பதால் எர்த் இணைத்த இரும்புக் குழாயே நல்லது, ஆனால் அதை வயர்மேன்தான் பொருத்த வேண்டும்.

பழைய லயத்து வீடுகளில் வெளித்தோல் இல்லாத ஒற்றை உறை வயர் ஓடினால் இந்தச் சிக்கனம் பொருந்தாது. அதற்கு முழு நீளமும் குழாய் வேண்டும். வெயில் படும் வெளிச்சுவருக்குப் புறஊதாக் கதிரைத் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்குங்கள். தோல் வெடித்த கேபிளை மூடி மறைக்காமல் மாற்றிவிட வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானுக்கு எந்த உறையும் ஈடாகாது.