டோனர் முறையில் வீட்டிலேயே பிசிபி: எங்கே தவறுகிறது?

பிசிபி என்பது மின்னணுப் பாகங்களைச் செம்புக் கோடுகளால் இணைக்கும் பலகை. டோனர் முறையில் அந்தக் கோடுகளின் படத்தைத் தாளில் அச்சிட்டு, செம்பு பூசிய பலகையின் மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் சூடாக்கி ஒட்டவைக்கிறோம். பிறகு டோனர் மூடாத செம்பை அரித்து எடுக்கிறோம். பலகை சரியாக வரவில்லையென்றால் எல்லோரும் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைத்தான் குறை சொல்கிறார்கள். ஆனால் நான் கெடுத்த பலகைகளில் பாதிக்கு மேல், பெட்டியைச் சூடாக்கும் முன்பே கெட்டுப்போனவை.

முதலில் பிரிண்ட். இங்க்ஜெட் மை உதவாது. லேசர் பிரிண்டரின் டோனர் பிளாஸ்டிக் தூள். அது உருகிச் செம்பில் ஒட்டுவதால்தான் இந்த முறையே சாத்தியம். அச்சிடும்போது அளவு 100 சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வரிசையாகக் கால்கள் உள்ள 40 கால் ஐசியில் (சிப்பில்) முதல் காலிலிருந்து இருபதாவது கால் வரை 48.26 மி.மீ. படம் 3 சதவீதம் சுருங்கினாலே கடைசிக் கால் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. தள்ளிப்போகும், ஐசி உட்காராது. சாதாரணத் தாளில் ஒருமுறை அச்சிட்டு ஐசியை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் மிரர் (படத்தை இடவலம் திருப்பி அச்சிடுவது) குழப்பம். தாளைச் செம்பின் மேல் கவிழ்க்கும்போது படம் ஒருமுறை திரும்புகிறது. கீழ்ப்பக்கச் செம்பை பிசிபி வரையும் மென்பொருள் மேலிருந்து பார்ப்பதுபோலவே காட்டுவதால், அதை மிரர் செய்யாமல் அப்படியே அச்சிட வேண்டும். மேல்பக்கச் செம்புக்குத்தான் மிரர். வரைபடத்தின் செம்பு அடுக்கிலேயே இரண்டு எழுத்து போட்டு வையுங்கள். தாளில் அது இடவலம் மாறித் தெரிந்தால் பலகையில் நேராக வரும்.

செம்பு பளபளப்பதால் மட்டும் சுத்தமாகிவிடாது. ஸ்க்ரப்பரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. துளித்துளியாகப் பிரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. அதன்பின் ஓரத்தை மட்டும்தான் தொட வேண்டும். ஒரு விரல் ரேகை போதும், அந்த இடத்தில் டோனர் ஒட்டாது.

இஸ்திரி போடும்போது நீராவி வேண்டாம், துணி தேய்ப்பதுபோல் இழுக்கவும் வேண்டாம். கோடுகள் நசுங்கிப் பரவிவிடும். மேலிருந்து அழுத்துங்கள். முடிந்ததும் தாளைச் சூட்டோடு உரிக்காதீர்கள். என் முதல் பலகையில் அப்படித்தான் டோனரும் கையோடு வந்துவிட்டது. தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, கட்டைவிரலால் தேய்த்து எடுங்கள். கோடுகளுக்கு நடுவே தங்கும் தாள் நார் செம்பு அரிபடுவதைத் தடுக்கும். விட்டுப்போன இடங்களை பெர்மனென்ட் மார்க்கரால் நிரப்பலாம்.

செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடைக் கரைக்கும்போது தூளைத் தண்ணீரில் கொஞ்சங்கொஞ்சமாகப் போடுங்கள், தூளின் மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள், நன்றாகச் சூடேறும். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தட்டை ஆட்டிக்கொண்டே இருங்கள், செம்பு போனதும் உடனே எடுங்கள். விட்டால் டோனருக்கு அடியிலும் அரித்து, மெல்லிய கோடுகள் அறுந்துவிடும்.

கரைசலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டவே கூடாது. அதில் கரைந்திருக்கும் செம்பு மீன்களுக்கு நஞ்சு. பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மேலே பெயர் எழுதி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தால் இன்னும் சில பலகைகளுக்கு வரும். அரிக்கும் வேகம் போனபின் அபாயக் கழிவாகவே ஒப்படையுங்கள்.