பழைய கம்ப்யூட்டர்ல ஹார்ட் டிஸ்க் இழுக்குதா, ஃபைல் கெட்டுப்போகுதா? எங்க இருந்து பாக்க ஆரம்பிக்கணும்

பழைய மெஷின்ல இந்த ரெண்டு கம்ப்ளெய்ன்ட்டும் பெரும்பாலும் ஜோடியாத்தான் வரும். ஃபோல்டர் திறக்கவே அவ்ளோ நேரம் எடுக்கும், காப்பி போட்டா பாதியில அப்படியே நிக்கும், அதோட போன வாரம் வரைக்கும் நல்லா திறந்த ஃபோட்டோ இப்ப பாதிக்கு மேல சாம்பல் கலர்ல வரும், ஜிப் ஃபைல் பிரிச்சா சிஆர்சி எரர்னு (டேட்டா மாறிப்போச்சான்னு பாக்கற சோதனை எண் ஒத்துவரலன்னு அர்த்தம்) சொல்லும். உடனே டிஸ்க் போச்சுன்னு முடிவு பண்ணி புதுசு வாங்குறவங்க இருக்காங்க, விண்டோஸ ஃபார்மேட் அடிச்சு திரும்ப போடுறவங்களும் இருக்காங்க. ரெண்டுமே அவசரம். கேபிள், ரேம், பவர் சப்ளை, டிஸ்க் இந்த நாலுல எது கெட்டாலும் வெளிய தெரியற அறிகுறி கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால எதுன்னு பிரிச்சு பாக்காம எதையும் மாத்தாதீங்க.

முதல்ல ஒரு விஷயம், இத தயவுசெஞ்சு கேளுங்க. டேட்டாவ வெளிய எடுக்காம விண்டோஸோட செக்டிஸ்க் ஓட்டாதீங்க. அது ஃபைல் சிஸ்டத்தோட கணக்க, அதாவது எந்த ஃபைல் டிஸ்க்ல எங்க இருக்குங்கற பட்டியல, சரி பண்ற டூல், உங்க ஃபைல காப்பாத்துற டூல் இல்ல. கணக்கு ஒத்துவரலன்னா என்ட்ரிய தூக்கிடும், அப்புறம் ஃபைல் பேரே இல்லாம துண்டு துண்டா கிடக்கும். ஆர் ஆப்ஷன் போட்டா முழு டிஸ்க்கையும் படிச்சு பாக்கும், ஏற்கனவே தடுமாறிட்டு இருக்கற டிஸ்க்குக்கு அது தேவையில்லாத சுமை. அதவிட மோசம், தப்பு ரேம்லயோ கேபிள்லயோ இருந்தா, செக்டிஸ்க் தப்பா படிச்சத நம்பி நல்லா இருக்கற இடத்தையும் "சரி" பண்ணி வச்சிடும்.

டிஸ்க்ல டக் டக்னு சத்தம் வந்தா, சுத்த ஆரம்பிச்சு ஆரம்பிச்சு நின்னா, பவர ஆஃப் பண்ணிடுங்க. உள்ள இருக்கறது திரும்ப கிடைக்காத டேட்டான்னா ரெக்கவரி லேப் மட்டும்தான் வழி, நீங்க ஓட்ட ஓட்ட அவங்களுக்கும் வாய்ப்பு குறையும். சத்தம் இல்ல, வெறும் ஸ்லோ, அங்கங்க எரர் மட்டும்தான்னா டிஸ்க்க கழட்டி நல்ல மெஷின்ல மாட்டி, லினக்ஸ் லைவ் யூஎஸ்பில பூட் பண்ணி, டிடிரெஸ்க்யூங்கற டூல் வச்சு முழு டிஸ்க்கையும் இமேஜா, அதாவது அப்படியே ஒரு நகலா, வேற நல்ல டிஸ்க்ல எடுங்க. உபுண்டு, டெபியன்ல பேக்கேஜ் பேர் ஜிடிடிரெஸ்க்யூ. மேப் ஃபைல் (எதுவரைக்கும் படிச்சுதுன்னு குறிச்சு வைக்கற ஃபைல்) கண்டிப்பா குடுங்க, கரன்ட் போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடரும். முதல் ரவுண்ட் மைனஸ் என் ஆப்ஷனோட ஓட்டுங்க, ஈஸியா வர்றத எல்லாம் முதல்ல எடுத்துட்டு கஷ்டமான இடத்த கடைசிக்கு விட்டுடும். எது சோர்ஸ் எது டெஸ்டினேஷன்னு டிஸ்க்கோட சீரியல் நம்பர வச்சு சரிபாருங்க, ரெண்டும் மாறிப்போச்சுன்னா எல்லாம் போச்சு.

டேட்டா பத்திரமாச்சா, இப்ப ஸ்மார்ட் பாக்கலாம், அதாவது டிஸ்க் தன்னோட உடல்நிலைய பத்தி தானே வச்சிருக்கற கணக்கு. விண்டோஸ்ல கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸ்ல ஸ்மார்ட்சிடிஎல். மேல பச்சையா நீலமா "குட்"னு போட்டிருந்தா அத மட்டும் நம்பி விட்டுடாதீங்க, கீழ நாலு வரி பாருங்க. 05, ஏற்கனவே கெட்டு மாத்தி வச்ச செக்டர் (டிஸ்க்ல டேட்டா வைக்கற சின்ன துண்டு). சி5, படிக்க முடியாம முழிச்சிட்டு இருக்கற செக்டர். சி6, சோதிச்சும் படிக்க முடியாதது. சி7, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவுல டேட்டா போகும்போது வந்த சிஆர்சி தப்பு. முதல் மூணும் பூஜ்யமா இருந்து சி7 மட்டும் ஏறிட்டே போகுதுன்னா டிஸ்க் மேல பழி போடாதீங்க, கேபிள பாருங்க. சி5 ஏறுச்சுன்னா டிஸ்க்கோட தட்டுலயே பிரச்சனை. ஸ்லோவுக்கும் இதுதான் காரணம், ஒரு செக்டர் சரியா வரலன்னா டிஸ்க் விடாம திரும்பத் திரும்ப படிக்க பாக்கும், அதுவரைக்கும் மொத்த மெஷினும் காத்திருக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோல நம்பர் ஹெக்ஸ்ல வரும், செட்டிங்ல டெசிமலா மாத்திக்கோங்க. சீகேட் டிஸ்க்ல 01, 07 ரெண்டுலயும் பெரிய பெரிய நம்பர் வந்தா பயப்படாதீங்க, அது அந்த கம்பெனி கணக்கு வைக்கற முறை.

லாக்லயும் இதே விடை கிடைக்கும். விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்ல டிஸ்க்னு 7ஆம் நம்பர் ஈவென்ட் வந்தா பேட் பிளாக், 11 வந்தா கன்ட்ரோலர் எரர், அதாவது கேபிள், போர்டு பக்கம் சந்தேகப்படணும். லினக்ஸ்ல டிமெசேஜ் கட்டளை போட்டு பாத்தா யுஎன்சின்னு வர்றது தட்டுல பிரச்சனை, ஐசிஆர்சின்னு வர்றது கேபிள் மாதிரி டேட்டா போற வழில பிரச்சனை.

இப்ப விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஐடிஇ டிஸ்க் (அகலமான பட்டை கேபிள் போடற பழைய வகை) வச்சிருக்கறவங்களுக்கு, இந்த இடம் ரொம்ப முக்கியம். எக்ஸ்பி ஒரு டிஸ்க்ல அடிக்கடி சிஆர்சி எரரோ டைம்அவுட்டோ பாத்தா வேகத்த ஒவ்வொரு படியா குறைச்சு கடைசில பிஐஓங்கற பழைய, மெதுவான மோட்ல தள்ளிடும், அப்புறம் அதுவா திரும்ப ஏறாது. பிஐஓ 4ல உச்சமே செகண்டுக்கு 16.7 எம்பி, அதுவும் ஒவ்வொரு பைட்டையும் பிராசசரே கையில வாங்கி வைக்கணும், அதனாலதான் காப்பி போடும்போது மவுஸ் கூட திக்கும். ஆனா வேகம் போனது பாதி பிரச்சனைதான். சிஆர்சி சோதனை அல்ட்ரா டிஎம்ஏ மோட்ல (பிராசசர் கை வைக்காம டேட்டா நேரா ரேமுக்கு போற வேகமான மோட்) மட்டும்தான் உண்டு, பிஐஓல கிடையாது. கேபிள் அதே கெட்ட கேபிளா இருந்தா, முன்னாடி தப்புன்னு கண்டுபிடிச்சு திரும்ப அனுப்பினது இப்ப யாருக்கும் தெரியாம அப்படியே எழுதப்படும். ஸ்லோவும் கரப்ஷனும் சேந்து வர்றதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

டிவைஸ் மேனேஜர்ல ஐடிஇ கன்ட்ரோலர்ஸ் கீழ பிரைமரி சேனல், செகன்டரி சேனல் ரெண்டுலயும் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் போய் கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோட் பாருங்க. பிஐஓன்னு இருந்தா முதல்ல கேபிள மாத்துங்க, அப்புறம் அந்த சேனல அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் குடுங்க, விண்டோஸ் புதுசா கண்டுபிடிச்சு சரியான மோட்ல போடும். கேபிள மாத்தாம அன்இன்ஸ்டால் மட்டும் பண்ணா கொஞ்ச நாள்ல திரும்ப விழும். 40 கம்பி கேபிள் அல்ட்ரா டிஎம்ஏ 33 வரைக்கும்தான், 66, 100, 133க்கு 80 கம்பி கேபிள் வேணும். நீல முனை போர்டுக்கு, கருப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவுல இருக்கற சாம்பல் ஸ்லேவுக்கு (அதே கேபிள்ல ரெண்டாவது டிஸ்க்). நீளம் 45 சென்டிமீட்டருக்கு மேல போகக்கூடாது. ஐடிஇக்கு அப்புறம் வந்த, மெல்லிசான கேபிள் போடற சாட்டாவா இருந்தா வேலை ஈஸி, கேபிள மாத்துங்க, வேற போர்ட்ல குத்துங்க. சி7 நம்பர் கேபிள் மாத்தினாலும் குறையாது, இனிமே ஏறாம நின்னா போதும்.

கேபிளும் ஸ்மார்ட்டும் சுத்தமா இருந்தும் ஃபைல் கெடுதுன்னா என்னோட முதல் சந்தேகம் ரேம். டிஸ்க்குக்கு போற எல்லாமே ரேம் வழியாத்தான் போகுது. ரேம சோதிக்கற மெம்டெஸ்ட்86 பிளஸ் போட்டு ராத்திரி முழுக்க விடுங்க, ஒரே ஒரு எரர் வந்தாலும் அது ஃபெயில்தான், "ஒண்ணுதானே"ன்னு விடாதீங்க, ஸ்டிக்க ஒவ்வொண்ணா கழட்டி எதுன்னு பாருங்க. இன்னொரு நல்ல சோதனை, ரேம் சைஸ விட பெரிய ஃபைல் ஒண்ண எடுத்து அதோட ஹேஷ (ஃபைல்ல இருக்கறத வச்சு கணக்கு போடற கைரேகை மாதிரி எண்) நாலஞ்சு தடவ எடுங்க. லினக்ஸ்ல எஸ்எச்ஏ256சம், விண்டோஸ் 7ல செர்ட்யூட்டில். ஒரே ஃபைலுக்கு ஒவ்வொரு தடவையும் வேற வேற ஹேஷ் வந்தா, எழுதி வச்சது கெடல, படிச்சு வர்ற வழிலதான் கெடுது. ஃபைல் சின்னதா இருந்தா ரெண்டாவது தடவ டிஸ்க்க தொடாம கேஷ்ல (ரேம்ல வச்சிருக்கற நகல்) இருந்தே எடுத்துக்கும், சோதனைக்கு அர்த்தம் இல்ல.

பவர் சப்ளைய யாரும் பாக்கறதில்ல. பயாஸ்ல 12 வோல்ட் லைன் 11.4க்கு கீழயோ 5 வோல்ட் லைன் 4.75க்கு கீழயோ போனா மாத்திடுங்க. பயாஸ் காட்டறது தோராயம்தான், மல்டிமீட்டர் இருந்தா அதுல பாருங்க. போர்டுல கப்பாசிட்டர் தலை உப்பியிருக்கா, பழுப்பா கசிஞ்சிருக்கான்னும் டார்ச் அடிச்சு பாருங்க.

பழைய மெஷின்ல பெரிய டிஸ்க் மாட்டினவங்களுக்கு ரெண்டு பொறி இருக்கு. பழைய பயாஸும் எஸ்பி1 (சர்வீஸ் பேக் 1 அப்டேட்) போடாத எக்ஸ்பியும் டிஸ்க்ல இடத்த குறிக்க 28 பிட் முகவரிதான் பேசும், அது 137 ஜிபியோட முடிஞ்சுது. அதுக்கு மேல எழுத போனா சுத்தி வந்து டிஸ்க்கோட ஆரம்பத்துல எழுதி பார்ட்டிஷன அழிச்சுடலாம். டிஸ்க் பாதி நிறையற வரைக்கும் எந்த பிரச்சனையும் இல்லாம, ஒருநாள் திடீர்னு எல்லாம் காணோம்னா இதையும் நினைங்க. இன்னொண்ணு 4கே செக்டர் டிஸ்க், பழைய 512 பைட்டுக்கு பதிலா 4,096 பைட் செக்டர் வச்சது. எக்ஸ்பி பார்ட்டிஷன 63ஆவது செக்டர்ல ஆரம்பிக்கும், அது 4கே எல்லைல உக்காராது, எழுதறது எல்லாம் இழுக்கும். எம்எஸ்இன்ஃபோ32ல பார்ட்டிஷன் ஸ்டார்ட்டிங் ஆஃப்செட் 32,256ன்னு இருந்தா அதான் இது, 1,048,576ன்னு இருந்தா சரி.

எல்லாம் மாத்தின பிறகு ஸ்மார்ட்ல லாங் டெஸ்ட் (டிஸ்க் தன்னையே முழுசா படிச்சு சோதிக்கறது) ஓட்டுங்க, அன்னைக்கு இருக்கற 05, சி5, சி7 மூணையும் எழுதி வச்சு ஒரு வாரம் கழிச்சு ஒப்பிடுங்க. சி5 குறைஞ்சு 05 கொஞ்சம் ஏறி அப்படியே நின்னா, முக்கியமில்லாத ஃபைலுக்கு அந்த டிஸ்க்க வச்சுக்கலாம். திரும்ப ஏறினா அதுல இனி எதையும் வைக்காதீங்க. செக்டிஸ்க் ஓட்டணும்னா இப்ப ஓட்டுங்க, இமேஜ் கையில இருக்கு.