கொக்கு இருக்கும், இறகு இருக்காது: நீர்ப்பறவைகளைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சரணாலயத்திலிருந்து திரும்பி வந்து கணினியில் படங்களைத் திறந்தால், கொக்கு இருக்கும், இறகு இருக்காது. கழுத்தும் முதுகும் சுண்ணாம்பு அடித்ததுபோல ஒரே வெள்ளை. பிற தவறுகளோடு ஒப்பிட்டால், பின்னால் சரிசெய்ய வழியே இல்லாதது இதுதான்.

கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர், காட்சியைச் சராசரியாக ஒரு நடுச்சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். இருண்ட தண்ணீரின் நடுவே சின்னதாக ஒரு வெண்கொக்கு நின்றால், வெளிச்சம் போதவில்லை என்று முடிவு செய்து கூட்டிவிடும். தண்ணீர் அழகாகத் தெரியும், கொக்கு எரிந்துபோகும், அதாவது நுணுக்கமே இல்லாத வெறும் வெள்ளையாகிவிடும். மீட்டர் முடிவு செய்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்க உதவும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை ஒரு ஸ்டாப் அளவுக்கு, அதாவது பாதி வெளிச்சத்துக்குக் குறைத்துப் பாருங்கள். அதே கொக்கு ஃபிரேமை நிறைத்து நின்றால் கதை தலைகீழ்: வெள்ளை அழுக்குச் சாம்பலாகும், அப்போது கூட்ட வேண்டும். எரிந்த இடங்களைத் திரையில் மினுக்கிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கையை எப்போதும் ஆன் செய்து வையுங்கள். திரையில் கழுத்து மினுக்கினால் இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். நிழலில் மங்கியதை அதிலிருந்து ஓரளவு மீட்கலாம். முழுதாக எரிந்த வெள்ளையில் மீட்க ஒன்றும் கிடையாது.

நடுப்பகலில் எடுத்துவிட்டு லென்ஸைத் திட்டுவது அடுத்த தவறு. சேற்றுக்கு மேல் சூடான காற்று அலையும்போது, தூரத்துப் பறவை எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் கூர்மையாக வராது.

கரைமேல் நின்றபடியே கீழ்நோக்கி எடுத்தால் பறவை சேற்றோடு ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். உட்காருங்கள், முடிந்தால் படுங்கள். பறவையின் கண் மட்டத்துக்கு வந்தாலே பின்னணி தள்ளிப்போய் மென்மையாகிவிடும். அப்புறம், நெடுங்கால் உள்ளானை எடுத்துவிட்டு அந்தக் காலையே வெட்டிவிடாதீர்கள்! பிரதிபலிப்பும் அப்படித்தான். முழுதாக விடுங்கள், இல்லையென்றால் தெளிவாகத் தவிர்த்துவிடுங்கள்.

உறுமீனுக்காகக் கொக்கு காத்திருக்கும், கேமராக்காரர்தான் காத்திருக்க மாட்டார். பத்து நிமிடம் சிலைபோல நிற்பதைப் பார்த்துவிட்டு கேமராவை இறக்குவார், அந்த நொடியில் மீன் அலகில் இருக்கும். சின்ன வெண்கொக்கின் காலைக் கவனியுங்கள்: கறுப்புக் கால், மஞ்சள் விரல்கள். ஒரு காலை முன்னால் நீட்டி சேற்றைக் கிளறி நடுக்கும். பதுங்கியிருக்கும் இரையைக் கிளப்பும் வேலை அது. கழுத்து வளைந்து உள்ளே ஒடுங்கி, உடம்பு முன்னால் சாய்ந்தால் கொத்தப் போகிறது. நிற்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடி போதும், இந்தக் கணத்துக்கு 1/2000 வைத்துக்கொள்ளுங்கள்.

பறவை மேய்வதை நிறுத்தி, கழுத்தை நிமிர்த்தி உங்களையே பார்த்தால் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அங்கேயே நில்லுங்கள். பறக்கும் படம் வேண்டுமென்று கைதட்டி விரட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். கூடுகளிடம் நெருங்குவது அதைவிட மோசம்: தாய் எழுந்துபோனால் குஞ்சுகள் வெயிலில் வாடும், முட்டைகளைக் காகம் தூக்கும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் விரியும் அந்த மெல்லிய இறகுகளுக்காக, தொப்பியில் செருக, 19ஆம் நூற்றாண்டில் கொக்குகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டார்கள். கேமரா வைத்திருக்கும் நாமும் அவற்றை நிம்மதியாக விடாவிட்டால் எப்படி?

சரி, விரட்டாமல் பறக்கும் படம் எப்படிக் கிடைக்கும்? பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும், இறங்கும். வெயிலும் காற்றும் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால், இறங்கும் நாரை முகத்தைக் காட்டியபடி நேரே வரும். இடம் மாறி நின்றால் வால் படங்கள்தான் சேரும்.