சுகர் மாத்திரையும் தன்னம்பிக்கையும்: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் பெரியப்பாவுக்கு 14 வருடமாக சுகர். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் சட்டைப் பைக்குள்ளேயே அட்டையைப் பிரித்து, இலையைச் சரி செய்வதுபோல் குனிந்து மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வார். பக்கத்து இலையில் தெரிந்தவர் யாராவது இருந்துவிட்டால் அதுவும் கிடையாது. "மூட்டை தூக்கின உடம்பு, இப்போ மாத்திரையிலதான் ஓடுதுன்னு சொல்லிடுவாங்க" என்பார்.

மாத்திரை போடுகிறவர் மனத்தைரியம் இல்லாதவர் என்ற இந்த நினைப்புதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வேர். கணையம் போதுமான இன்சுலினைச் சுரக்கவில்லை, சுரப்பதையும் உடம்பு சரியாகப் பயன்படுத்தவில்லை என்றால், அதில் தைரியத்துக்கு என்ன வேலை? உடம்பில் இன்சுலின் அநேகமாகச் சுரக்காத முதல் வகை (டைப் 1) நீரிழிவு உள்ள பிள்ளைக்கு "நம்பிக்கை இருந்தால் போதும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

தன்னம்பிக்கை வேறு இடத்தில் வேண்டும். 'இந்த மாத்திரையை என்னால் தினமும் தவறாமல் போட முடியும்' என்ற நம்பிக்கை அது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். ஒரு காரியத்தை ஏற்கெனவே செய்து முடித்த அனுபவம்தான் இந்த நம்பிக்கையை எல்லாவற்றையும்விட அதிகம் வளர்க்கும் என்பது அவர் கருத்து. அடுத்தவர் சொல்லும் தைரியத்துக்கு அவ்வளவு பலம் இல்லை. ஆக, "தைரியமா இருங்க" என்று பத்து பேர் சொல்வதைவிட, ஏழு நாள் விடாமல் மாத்திரை போட்டது பெரிய பலம்.

இது புரியாமல்தான் பலர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குகிறார்கள். நாளை முதல் ஐந்து மணிக்கு நடை, சோற்றுக்குப் பதில் சிறுதானியம், இனிப்பே கிடையாது, மாத்திரையும் நேரத்துக்கு. நாலாம் நாள் மழை வந்து நடை நிற்கும். அன்றோடு மாத்திரையும் நிற்கும். தொடக்கத்தில் மாத்திரையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பெரியம்மா ஒரு வழி கண்டுபிடித்தார்: காலை மாத்திரை போட்ட பிறகுதான் தினசரி காலண்டரில் தாளைக் கிழிக்க வேண்டும். சமையலறைச் சுவரில் தேதி பழையதாகவே இருந்தால் மாத்திரை பாக்கி என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கேட்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. "இன்னிக்காவது போட்டியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால், போடாதவரும் "போட்டாச்சு" என்றுதான் சொல்வார். திட்டத் திட்ட பொய்தான் வளரும்.

ஒரு வேளை விட்டுப்போனால் "எல்லாம் போச்சு" என்று கைவிடவும் வேண்டாம், அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடவும் வேண்டாம். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரைகளை இரட்டிப்பாகப் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். விரதம் இருக்கிறவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசி அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்புறம், "சுகர் மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பேச்சு. இது எங்கிருந்து வந்திருக்கும் என்று யூகிக்க முடிகிறது. சிறுநீரகம் பழுதானவருக்கு மருத்துவர் மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைக் குறைப்பார், சில சமயம் நிறுத்திவிடுவார். பார்க்கிறவர்கள் மாத்திரைதான் கெடுத்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல வருடம் கட்டுக்குள் வராத சர்க்கரைதான் சிறுநீரகத்தைப் பழுதாக்குகிறது. பயந்து மாத்திரையை விடுகிறவர் அந்தப் பழுதுக்கே வழி செய்கிறார்.

எல்லாவற்றையும் மனசு மேல் போடுவதும் நியாயமில்லை. மாதக் கடைசியில் அட்டை தீர்ந்து, வாங்கக் காசில்லாமல் நிற்கிறவருக்குத் தன்னம்பிக்கைப் பேச்சு எதற்கு? தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சுகர் மாத்திரை இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். கேட்டு வாங்குவதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது மருத்துவரிடம் மறைப்பது. பரிசோதனைக்கு நாலு நாள் முன்னால் மட்டும் ஒழுங்காக மாத்திரை போட்டால் வெறும் வயிற்று அளவு நன்றாக வந்துவிடலாம். ஆனால் ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். மருத்துவர் என்ன செய்வார்? கொடுத்த மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னொன்றைச் சேர்ப்பார். அதையும் பாதிதான் போடுவார்கள், மறுபடி கூட்டுவார். பிறகு ஒருநாள் மகளோ மருமகளோ பொறுப்பெடுத்து, சீட்டில் உள்ளபடி அத்தனையும் எடுத்துக் கொடுப்பார்கள். உடம்பு கண்டிராத அளவு அது. சர்க்கரை 70-க்குக் கீழே போய் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் சர்க்கரை அளவை மறுபடி பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

இவ்வளவையும் தவிர்க்க ஒரு வாக்கியம் போதும்: "டாக்டர், வாரத்துல ரெண்டு மூணு நாள் ராத்திரி மாத்திரை விட்டுப்போகுது." வயிற்றைப் புரட்டுகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் இருக்கிறது, இரண்டு மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை இருக்கிறது, ஒரு வேளை மட்டும் போடுகிற மருந்துகளும் இருக்கின்றன. நீங்கள் சொன்னால்தான் அவரால் மாற்றித் தர முடியும்.