வாங்கிக் கட்டிக்கொண்டவை: பயணம் எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் பழவேற்காட்டுக்கு முதல் தடவை போனபோது அந்த ஊருக்கு நான் ஒதுக்கியிருந்தது மூன்றரை மணி நேரம். கும்மிடிப்பூண்டி லோக்கலில் பொன்னேரி, அங்கிருந்து பஸ். ஏரியில் பூநாரை, டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம், அதன் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகள், அப்புறம் மீன் விற்கும் இடத்தில் நாலு படம், சாயங்கால ரயில். பட்டியல் போனிலேயே இருந்தது. கரையோரம் ஒரு ஆயா இறாலைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். வெயில் பக்கவாட்டில் விழுந்து முகத்துச் சுருக்கமெல்லாம் தெரிந்தது. எடுத்துவிட்டேன்.

"ஏம்ப்பா, கேட்டுட்டு எடுக்க மாட்டியா? என் மூஞ்சிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"சும்மாதான் ஆயா."

"சும்மான்னா எதுக்கு?"

பதில் தெரியவில்லை. படத்தை அவர் கண்ணெதிரே அழித்துவிட்டு, கால் கிலோ இறால் வாங்கி, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் கோபம் தணிந்து பேச ஆரம்பித்தார். இன்றைக்குத் தங்கள் ஆட்களுக்குப் பாடு இல்லை, அதனால்தான் இவ்வளவு கொஞ்சமாக இருக்கிறது என்றார். பாடு என்றால் என்ன என்று கேட்டேன். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் முறை வைத்துக்கொண்டிருக்கும் பழைய ஏற்பாடு அது. நல்ல இடம் எப்போதும் ஒருவருக்கே போய்விடாமல் சுற்றிச் சுற்றி வரும். என் பட்டியலில் இது இல்லை. பட்டியல் போட எடுத்த நாலைந்து கட்டுரைகளிலும் இல்லை.

ஆகவே புதிதாக எழுத வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வாயைத் திறப்பதற்கு முன் கேமராவைத் திறக்காதீர்கள். ஏதாவது வாங்குங்கள், மீன் பெயர் கேளுங்கள், உட்காருங்கள். "எடுக்கலாமா" என்பதும் "எல்லாரும் பார்க்கிற மாதிரி போடலாமா" என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள். முதலாவதுக்குத் தலையாட்டியவர் இரண்டாவதுக்கும் சரி சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகள் என்றால் அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்தால்தான்.

அடுத்தது என் பெருமைக்குரிய தவறு. மெரினாவைப் பற்றி எழுதியபோது "உலகின் இரண்டாவது நீளமான கடற்கரை" என்றே ஆரம்பித்தேன். பள்ளியில் படித்தது, பொது அறிவுப் புத்தகத்தில் பார்த்தது, சந்தேகமே வரவில்லை. வாசகர் ஒருவர் "அளந்து பார்த்தீர்களா?" என்று ஒரே வரி எழுதினார். கோட்டைப் பக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை மெரினா சுமார் 6 கிலோமீட்டர். தெற்கே பெசன்ட் நகர் வரை இழுத்துக் கணக்குச் சொல்பவர்களுக்கும் 13 கிலோமீட்டர்தான் வருகிறது. வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் 100 கிலோமீட்டருக்கு மேல், பிரேசிலின் காசினோ கடற்கரை 200க்கு மேல். நாம் எந்தப் போட்டியில் இரண்டாவது வந்தோம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இந்தப் பொய்ப் பெருமைக்குப் பின்னால் இருக்கும் உண்மைக் கதை எவ்வளவோ மேல். இந்தக் கரையில் அலைகள் வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்து, கடலுக்குள் கல் சுவர் நீண்டதும், வந்த மணல் அங்கேயே முட்டி நின்றது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே உலாவும் பாதை போட்டு, மெரினா என்று பெயரும் வைத்தார். வடக்கே மணல் வரத்து நின்றுபோக, ராயபுரத்துக்கு அந்தப் பக்கம் கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. திருவொற்றியூரில் என் பெரியம்மா வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மணல் தெரியாது, கொட்டி வைத்த கருங்கல்தான் தெரியும். பெரியம்மாவுக்குக் கடற்கரை என்றாலே அந்தக் கல்தான். சுண்டல் சாப்பிட மெரினாவுக்கு பஸ் ஏறி வருவார். சின்ன வயதிலிருந்து இரண்டையும் பார்த்தவன் நான். ஆனாலும் எழுத உட்கார்ந்ததும் கை பொது அறிவுப் புத்தகத்துக்குத்தான் போனது.

பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து எழுதுவதில் பெருமை மட்டும்தான் போகும், அடுத்தவர் கட்டுரையிலிருந்து எடுத்து எழுதுவதில் வாசகர் உயிரே போகலாம். அதே பழவேற்காட்டுக் கட்டுரையில் "ஏரியில் படகு சவாரியும் உண்டு" என்று ஒரு வரி வைத்திருந்தேன். நான் படகில் ஏறவில்லை. எங்கோ ஒரு பழைய கட்டுரையில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டது. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் இறந்து, அதற்கப்புறம் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் வரியை நம்பிக் குடும்பத்தோடு போனவர், யாரோ ஒருவர் சத்தமில்லாமல் ஏற்றிப்போய்ச் சுற்றிக் காட்டியதாக எனக்கே நன்றி சொல்லி எழுதினார். லைஃப் ஜாக்கெட் கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். அன்று ராத்திரியே அந்த வரியை எடுத்தேன். இப்போது ஒவ்வொரு கட்டுரையின் மேலும் நான் போன மாதத்தையும் வருஷத்தையும் போடுகிறேன். போகாத இடம், ஏறாத வண்டி, சாப்பிடாத சாப்பாடு எதையும் எழுதுவதில்லை.

வேடந்தாங்கலுக்கு மே மாதம் போய் ஏமாந்தது தனிக்கதை. பறவைகள் வருவது நவம்பரிலிருந்து மார்ச் வரை. காலி ஏரியையே எழுதியிருக்கலாம். வெட்கப்பட்டு நண்பரின் ஜனவரிப் படங்களை வாங்கிப் போட்டு ஒப்பேற்றினேன்.

ஓசியில் தங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்க வைத்தார்கள். அறையில் ஈரவாடை. குளியலறைக் கதவு சாத்தவே இல்லை. கட்டுரையில் "கடல் காற்றும் அமைதியும்" மட்டும் வந்தன. காசு வாங்கவில்லையே, இது என்ன விளம்பரமா என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டியைப் படித்தபோது அந்தச் சமாதானம் போய்விட்டது. இலவசப் பொருள், இலவசத் தங்கல் எல்லாம் கணக்கில் வரும், வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது. கடைசி வரியில் ஹேஷ்டேகுக்கு நடுவே ஒளித்து வைக்காமல், முதல் பத்தியிலேயே தமிழில் சொல்லிவிடுங்கள். சொன்னால் அடுத்த அழைப்பு வராது என்று பயமாகத்தான் இருக்கும். எனக்குப் பாதிக்குப் பாதி நின்றுபோனது.

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் விடவில்லை. சம்பளம் இருப்பதால்தான் ரிசார்ட் வேண்டாம் என்று சொல்ல முடிகிறது, ஒரே ஊருக்கு நாலாம் தடவையும் போக முடிகிறது. திங்கட்கிழமை கிண்டியில் ஆபீஸ். இந்த ஞாயிறு மறுபடி பொன்னேரி லோக்கல். இந்தத் தடவை பையில் இறாலுக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு, மூடி இறுக்கமானது. போன தடவை லோக்கலில் ஒழுகி, பக்கத்து சீட்டுக்காரரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.